‘கொம்பியூட்டரில் இருக்கிறான்’: களுவாஞ்சிக்குடித் தம்பிக்கு ஒரு பதில்

மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கித் தருகிறேன். வயது 28. வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படித்தவர். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு, இரண்டு வருடமாக வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நிறுவனமொன்றுக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறார். மாதம் 1400 டொலர். இரவு முழுக்க விழிப்பு, பகலில் தூக்கம் வருவதில்லை. முன்பு இரண்டு மணி நேரத்தில் முடித்த வேலைக்கு இப்போது இரண்டு நாள் போகிறது. வேலையின் மீதே வெறுப்பு. செயற்கை நுண்ணறிவு வேலையைப் பறித்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம், ‘கவுன்மேந்து வேலைக்கு விண்ணப்பம் போடு மகன்’ என்ற அம்மாவின் நச்சரிப்பு மறுபக்கம். தங்கச்சிக்குக் கட்டத் தொடங்கிய வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. ‘நான் இந்தத் துறைக்கே தகுதியில்லாதவனா? விட்டுவிடட்டுமா?’ என்று முடித்திருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசிக் கேள்விக்கு நான் இன்று பதில் சொல்லப் போவதில்லை. தூங்காத மனிதன் எடுக்கும் முடிவுக்கு நான் துணை நிற்பதில்லை. அப்படி ஒரு முடிவை நானே எடுத்து, அதைச் சரிக்கட்ட ஒன்றரை வருடம் செலவழித்தவன். ஆரையம்பதியில் பிறந்து, 2006 இலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேலை என்னை விட்டதும் உண்டு, நான் வேலையை விட்டதும் உண்டு. இரண்டிலும் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விடயத்திலிருந்து தொடங்குகிறேன். ‘வீட்டில் யாருக்கும் நான் என்ன செய்கிறேன் என்று தெரியாது’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முழுக் கதையாகவும் படுகிறது. என் அம்மா இன்றுவரை அயலவர்களிடம் ‘மகன் கொம்பியூட்டரில் இருக்கிறான்’ என்றுதான் சொல்வார். வேலை செய்கிறான் என்று சொல்ல மாட்டார்; இருக்கிறான், அவ்வளவுதான். வயலுக்குப் போகிறவன் சேற்றோடு வருகிறான். தோணியில் போகிறவன் மீனோடு வருகிறான். நான் அறைக்குள் போய் அறையிலிருந்தே வருகிறேன். பெரியப்பா இறந்த அன்று, மரண வீட்டுப் பந்தலின் ஓரத்தில் பிளாஸ்டிக் கதிரையொன்றை மேசையாக்கி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். வாடிக்கையாளர் ஒருவரின் இணையக் கடையில் பணம் செலுத்தும் பக்கம் விழுந்துவிட்டது. அந்த வாரம் கூப்பிட்டால் ஓடி வர வேண்டிய முறை என்னுடையது. பக்கத்தில் வந்து நின்ற மாமா ஒருவர், ‘செலவுக் கணக்கை நீதான் எழுதுகிறாயா தம்பி? பந்தல்காரனுக்கு அச்சாரம் கொடுத்ததையும் சேர்த்துக்கொள்’ என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது? அந்தக் கோளாறைச் சரிசெய்ய நாற்பது நிமிடம் எடுத்தது. பெட்டி தூக்கியபோது நான் எழுந்து நிற்கவில்லை என்பதை என் பெரியம்மா இன்னும் மறக்கவில்லை.

பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. அக்கரைப்பற்றில் மென்பொருள் பரிசோதனை வேலை செய்யும் ஒரு சகோதரியை எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து வேலை என்றதும் வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மாமியார் கீரைக் கட்டைக் கொண்டுவந்து மடியில் வைப்பார். அவர் ஊழியர் அல்ல, ஒப்பந்தக்காரர் என்பதால் ஊழியருக்குச் சட்டம் தரும் 84 நாள் பிரசவ விடுமுறையும் அவருக்கு இல்லை. குழந்தை பிறந்து மூன்றாம் கிழமை கணினி முன் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வேலை தெரியாது என்றால், வேலைக்கு வீடு தெரியாது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் சில நூறு பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியது. நான் அப்போது வெள்ளவத்தையில் ஓர் அறையில் இருந்தேன். என்னை யாரும் ஏற்றவில்லை. ஆனால் இரவு முழுக்கப் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் அலுவலகத்தில், ‘நேற்று முடிப்பதாகச் சொன்னது ஏன் முடியவில்லை?’ என்று குழுத்தலைவர் கேட்டார். நல்ல மனிதர். சொல்லியிருந்தால் கேட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். ‘மத்தியானத்துக்குள் தருகிறேன்’ என்று மட்டும் சொன்னேன். உங்களுக்கு அந்தக் காலம் இல்லை, சந்தோஷம். ஆனால் போன மார்கழி வெள்ளத்தில் வீட்டு முற்றத்தில் முழங்கால் தண்ணீர் நிற்க, கட்டிலில் ஏறி இருந்து வேலை செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அந்த அமெரிக்க நிறுவனத்தில் யாரிடமாவது சொன்னீர்களா? அவர்கள் பார்ப்பது நேரத்துக்கு வராத வேலையை மட்டும்தான்.

இந்தத் துறையின் கஷ்டங்களில் பாதியாவது இந்த இரட்டைக் குருட்டுத்தனத்திலிருந்து வருவது என்பது என் கருத்து. இரண்டு பக்கமும் பார்க்காத இடத்தில் தனியாக நிற்கிறவன், வருகிற ஒவ்வொரு அடிக்கும் காரணம் தானே என்று எடுத்துக்கொள்கிறான். நீங்கள் ‘தகுதியில்லாதவனா’ என்று கேட்பதும் அங்கிருந்துதான்.

தகுதி என்ற பேச்சு வந்ததால் ஒன்று. 1978 இல் பவுலின் கிளான்ஸ், சுசேன் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், திறமைசாலிகளான பெண்கள் பலர் தங்களைப் போலிகள் என்றும் என்றோ ஒருநாள் பிடிபடுவோம் என்றும் உள்ளூர அஞ்சுவதை ‘இம்போஸ்டர்’ (போலி) உணர்வு என்று பெயரிட்டு எழுதினார்கள். இன்று மென்பொருள் துறையில் பாதிப் பேர் அந்தப் பெயரைத் தங்களுக்கு ஒட்டிக்கொள்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதை அப்படியே ஒட்ட எனக்கு விருப்பமில்லை. தமிழ் மொழிமூலம் படித்து வந்தவனுக்கு ஆங்கிலத்தில் சட்டென்று வாய் வராதது கற்பனைப் பயம் அல்ல, உண்மையான குறை. கொழும்பு அலுவலகத்தில் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும், பகிடி சிங்களத்தில் நடக்கும். நாங்கள் இரண்டிலும் அரை விநாடி பிந்திச் சிரிப்போம். ஆனால் அது மொழிக் குறை, மூளைக் குறை அல்ல. நான் செய்த வைத்தியம் மிகச் சாதாரணமானது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன் நான் சொல்லவேண்டிய மூன்று வரிகளைக் கடதாசியில் எழுதி, வாய்விட்டு இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போவேன். நான்கு வருடம் அப்படி எழுதினேன். ஐந்தாம் வருடம் ஒருநாள் கடதாசியை மறந்துவிட்டுப் போனேன், அது கூட்டம் முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இனித் தூக்கம். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்றால் எங்களுக்கு இரவு ஏழரை. மார்ச் மாதத்தில் அவர்கள் கடிகாரத்தை முன்னால் தள்ளியதும் ஆறரை. நவம்பரில் மறுபடி ஏழரை. அவர்களின் முழு அலுவலக நேரத்துக்கும் நீங்கள் விழித்திருந்தால், விடியப் புறம் மூன்றரைக்குப் படுக்கிறீர்கள். ஐந்து மணிக்குக் கோவில் ஒலிபெருக்கி தொடங்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடியில் மாமாங்கத் தீர்த்தம், இடையில் யாராவது வீட்டுக் கலியாணம். அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ் பங்குனி வெயிலில் பத்து மணிக்கு மேல் தூங்க முயன்றவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 2021 இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களை விடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும் இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று கண்டார்கள். நீங்கள் எழுதிய மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். வாரம் 60 வருகிறது.

ஆகவே முதல் வேலை இதுதான்: அவர்களோடு சேர்ந்திருக்கும் நேரத்தை நான்கு மணித்தியாலமாகக் குறைக்கும்படி கேளுங்கள். இரவு ஏழரை முதல் பதினொன்றரை வரை அவர்களோடு. மிச்ச நான்கு மணித்தியாலம் மறுநாள் பகலில் உங்கள் வசதிக்கு. ஒரு மாதம் பரீட்சித்துப் பார்ப்போம், வேலையின் அளவு குறைந்தால் பழையபடி திரும்புகிறேன் என்று எழுதுங்கள். நான் இதே கோரிக்கையை எழுதி மூன்று கிழமை அனுப்பாமல் வைத்திருந்தேன், வேலையே போய்விடும் என்ற பயத்தில். அனுப்பியபோது ஒரே சொல்லில் பதில் வந்தது: ‘சரி’. எல்லோருக்கும் அப்படி வராது என்பது தெரியும். மறுத்துவிட்டால், தேட வேண்டியது லண்டன் நேரத்தில் வேலை தரும் இடம். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் எங்களுக்கு மாரியில் பிற்பகல் இரண்டரை, கோடையில் ஒன்றரை. அதில் ஒரு மனிதன் இரவுச் சாப்பாட்டை வீட்டாரோடு சாப்பிட்டுப் படுக்கலாம்.

மின்சாரமும் இணைப்பும் போகும் நாட்களைப் பற்றி முன்கூட்டியே எழுத்தில் சொல்லி வையுங்கள். ஐப்பசி முதல் தை வரை எங்களுக்கு மழைக்காலம், இந்தந்த நாட்களில் துண்டிப்பு வரலாம், வந்தால் இப்படி அறிவிப்பேன் என்று ஒரு பந்தி போதும். இரண்டு வெவ்வேறு கம்பனிகளின் சிம், ரவுட்டருக்கு ஒரு சின்ன பற்றரி. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது கல்லடியில் ஜெனரேட்டர் வைத்திருந்த நண்பனின் கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் இருந்து வேலை செய்தேன். அதை வாடிக்கையாளரிடம் படம் பிடித்து அனுப்பினேன். இவ்வளவு காலம் நான் எங்கிருந்து வேலை செய்கிறேன் என்பதையே அவர்கள் அன்றுதான் கேட்டார்கள்.

அடுத்தது நீங்கள் சொன்ன வெறுப்பு. 2019 இல் உலக சுகாதார நிறுவனம் தொழில்சார் எரிந்துபோதலை (ஆங்கிலத்தில் ‘பேர்ன்அவுட்’) தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியது. அதை ஒரு நோயாக அல்ல, சரியாகக் கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவாகத்தான் சொல்கிறது. மூன்று அடையாளங்கள்: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையின் மீது விலகலும் கசப்பும், செய்யும் வேலை எடுபடவில்லை என்ற உணர்வு. உங்கள் கேள்வியில் மூன்றும் இருக்கின்றன. இதற்கும் மனச்சோர்வு நோய்க்கும் நான் பார்க்கும் ஒரு பருமட்டான வேறுபாடு: வேலையிலிருந்து பத்து நாள் விலகினால் மீன் குழம்பு மறுபடி ருசிக்கிறதா? ருசித்தால் பிரச்சினை பெரும்பாலும் வேலையில். வாவிக்கரைக் காற்றும், கூட்டாளிகளின் பகிடியும், பிடித்த கிரிக்கெட்டும்கூட ஒன்றும் செய்யவில்லை என்றால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்திருந்தால், இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சப்படுவீர்கள். நானும் தலைக்கவசத்தைக் கழற்றாமல் வரிசையில் இருந்தவன்தான். எனக்கு முன்னால் இருந்தவர் எனக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து, மழை வருமா என்று பேசிக்கொண்டோம்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. உலகத்தின் மிகக் கடினமான நேர்முகத் தேர்வுகளைத் தாண்டி உள்ளே போனவர்கள் அவர்கள். வேலை போவதற்கும் தகுதிக்கும் எவ்வளவு தூரத்து உறவு என்பதற்கு இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. என் கதை அதைவிடச் சின்னது, ஆனால் அதில் உங்கள் கொழும்புக் கூட்டாளிகளுக்குப் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. கொழும்பில் நான் இருந்த ஒரு நிறுவனத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரம் ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் என் இராஜினாமாக் கடிதம் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தது. ‘நீங்களே விலகியதாக இருந்தால் உங்கள் பெயருக்கு நல்லது’ என்றார்கள். கையொப்பம் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். நான் அங்கே சேர்ந்து நான்கு வருடமும் பத்து மாதமும். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் நிறைய வேண்டும் என்பது ஹபரணையில் தேநீருக்கு இறங்கியபோது பக்கத்து ஆசனத்தில் இருந்த வங்கி உத்தியோகத்தர் சொல்லித்தான் தெரியும்.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், 180 நாட்கள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் நிறுத்துவதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். அந்த இராஜினாமாக் கடிதம் எதற்காக அச்சிடப்படுகிறது என்பது இப்போது விளங்கும். அன்றே கையொப்பம் வைக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. வாசித்துப் பார்த்துத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று எழுந்து வரலாம். தொழில் நியாயசபைக்குப் போவதானால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். நான் விசாரிக்கப் போனபோது எட்டாம் மாதம்.

உங்களுக்கு இந்தச் சட்டம் எதுவும் உதவாது, தம்பி. நீங்கள் ஒப்பந்தக்காரர். ஊழியராக இருந்தால் முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட்டிருப்பார். உங்களுக்கு அதைப் போடுகிற முதலாளி நீங்களேதான். 1400 டொலரை முழுச் சம்பளமாக நினைத்து வீட்டுக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறோம், அங்கேதான் சறுக்குகிறோம். 2025 ஏப்ரல் முதல், வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்காக வங்கி வழியாக வரும் டொலர் வருமானத்துக்கும் வரி உண்டு. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு, அதற்கு மேல் உச்ச வீதம் 15. பத்தில் ஒரு பங்கை வரிக்கென்று வேறு கணக்கில் போடுங்கள், ஏழில் ஒரு பங்கைச் சேமலாப நிதி என்று நினைத்து மறந்துவிடுங்கள். மிச்சம்தான் உங்கள் சம்பளம். ஒப்பந்தத்தில் முன்னறிவித்தல் எத்தனை நாள் என்று பாருங்கள். என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தை வாசித்தே இருப்பதில்லை. நீங்கள் வாசித்திருந்தால் மன்னிக்கவும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி நீளமாகக் கேட்டிருந்தீர்கள். நான் சுருக்கமாகத்தான் சொல்வேன், ஏனென்றால் உறுதியாகப் பேசுகிறவர்கள் ஏற்கெனவே அதிகம். சட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி 2022 நவம்பர் 30 இல் வந்தது. என் மேசையில் நான் கண்ட மாற்றம் இது: ஏணியின் கீழ்ப்படிகளைத்தான் அது முதலில் கழற்றுகிறது. சின்னப் படிவம் கட்டுவது, இலகுவான பரிசோதனை எழுதுவது, ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை மாற்றுவது, இவைதான் புதிதாக வருகிறவன் கைபழகும் வேலைகள். எனவே கவலைப்பட வேண்டியது ஐந்து வருட அனுபவமுள்ள உங்களை விட, சம்மாந்துறையிலும் ஒலுவிலிலும் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளைகளைப் பற்றி. உங்கள் நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது, நிரல் மொழியைத் தவிர வேறொரு விடயத்தை ஆழமாக அறிந்துகொள்ளுங்கள் என்பதுதான். சம்மாந்துறைக்காரர் ஒருவர், தகப்பனின் நெல் ஆலையில் கணக்குப் பார்த்து வளர்ந்தவர். ஈரப்பதன் கழிவு, சாக்குக் கணக்கு, குறுநெல், கடனுக்கு விட்ட நெல் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. களஞ்சிய மென்பொருள் செய்யும் வெளிநாட்டு நிறுவனமொன்று அவரை எடுத்தது. அவரை விட நன்றாக நிரல் எழுதுகிறவர்கள் அன்று நான்கு பேர் வரிசையில் இருந்தார்களாம். இன்னொன்று, ஆங்கில மின்னஞ்சல் எழுத அந்தக் கருவியைக் கூச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். நான் பட்ட மூன்று வரிக் கடதாசிப் பாடு உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. வாய்விட்டு வாசிப்பதை மட்டும் விடாதீர்கள்.

அம்மாவின் கவுன்மேந்து வேலையைச் சிரித்துத் தள்ளுகிறவர்களோடு நான் இல்லை. 1990 வன்செயல்களையும், 2004 ஆழிப்பேரலையையும், 2007 இடப்பெயர்வையும் பார்த்த ஒரு தாய்க்கு, மாதம் முடியும்போது தவறாமல் வரும் ஒரு தொகை என்பது என்ன என்று நீங்களும் நானும் முழுதாக உணர மாட்டோம். 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் நாட்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்களில் என் வகுப்பில் என்னை விடக் கெட்டிக்காரனாக இருந்தவனும் ஒருவன். பின்னர் 2020 இல் பட்டதாரிப் பயிலுநராக மாதம் 20,000 ரூபாவில் சேர்ந்தான். அப்போது நான் அவனை நினைத்துப் பரிதாபப்பட்டேன், வெட்கமாக இருக்கிறது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 க்கு ஏறியபோது அவனுடைய சம்பளம் பாதியாகச் சுருங்கியதும், என்னுடையது ரூபாவில் பெருத்ததும் உண்மை. அடுத்த வருடம் என் வாடிக்கையாளர் ஒரு மின்னஞ்சலோடு ஒப்பந்தத்தை முடித்தபோது, முதல் மாதம் எனக்கு அரிசி எடுத்துத் தந்தவன் அவன்.

ஆசிரியராக வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் போங்கள். தொழில்நுட்பப் பாடத்துக்கு எங்கள் பாடசாலைகளில் நல்ல ஆள் தேவை, அதைத் தோல்வி என்று சொல்கிறவன் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பாடசாலைக்குள் காலடி வைத்திருக்க மாட்டான். ஆனால் இப்போது உங்களுக்கு இருப்பது அந்த ஆசையா, எங்காவது ஓடிப்போய் இரவில் படுத்தால் போதும் என்ற ஏக்கமா? மூன்று மாதம் நேரத்துக்குத் தூங்கிவிட்டு அந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள். விண்ணப்பத்தை இப்போதே போட்டு வைத்தாலும் நட்டமில்லை, அழைப்பு வருவதற்கு எப்படியும் காலம் எடுக்கும், அம்மாவும் நிம்மதியாக இருப்பார்.

அந்த மூன்று மாதத்தில் இன்னொன்றும் செய்யுங்கள். இதே வேலை செய்யும் இரண்டு பேரைப் பக்கத்தில் தேடிப் பிடியுங்கள். கல்முனையில், செட்டிபாளையத்தில், காத்தான்குடியில் நிச்சயம் இருக்கிறார்கள். எல்லோரும் அறைக்குள் இருப்பதால் ஒருவருக்கொருவர் தெரிவதில்லை. நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் சந்திக்கிறோம். தொழில் பேச்சு கால்வாசிதான். மிச்சம் யாருடைய வாடிக்கையாளர் எவ்வளவு விசர்க்கதை கதைத்தார் என்பது. அந்தச் சிரிப்புக்குக் கொழும்பில் நான் அரை விநாடி பிந்தியிருந்தேன்; இங்கே பிந்துவதில்லை.

கடைசியாக அத்திவாரம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடித்தால் ஆண்தான் மனைவி வீட்டுக்குப் போவான். ஆகவே தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்காத அண்ணன், தன் கலியாணத்தைப் பற்றி வாயே திறக்க முடியாது. வேறு ஊரில் மென்பொருள் வேலை செய்கிறவனுக்கு வேலையை விட்டால் வாடகை மட்டும்தான் பிரச்சினை. உங்களுக்கு ஒரு வீடே தோளில் இருக்கிறது. அதனால்தான் நீங்கள் அந்த இரவு வேலையை விடவும் மாட்டாமல், தாங்கவும் மாட்டாமல் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் கேள்வி முழுக்கத் தேடிப் பார்த்தேன், தங்கச்சி என்ன சொல்கிறார் என்று ஒரு வரியும் இல்லை. அவர் வந்தாறுமூலையில் கடைசி வருடம் படிக்கிறார் என்கிறீர்கள். மாடி வீடு கேட்டாரா, யார் கேட்டார்கள்?

என் தங்கச்சிக்கு நானும் மேல்மாடியோடுதான் திட்டம் போட்டேன். வேலை போன வருடம், கடன் கொப்பியை மறைத்து வைத்த இடத்தில் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அன்று இரவு முதல் தடவையாக அவளுக்கு என் வேலை என்ன, பணம் எப்படி வருகிறது, எப்படி நிற்கும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குசினியில் இருந்து கேட்டாள். ‘கீழே இரண்டு அறை போதும் அண்ணா, மேலுக்குக் கம்பியை விட்டு வைப்போம், பிறகு பார்க்கலாம்’ என்றாள். மேசன்மாரை நிறுத்திக் கூரைத் தளத்தை மட்டும் போட்டோம். பதினொரு வருடமாகிறது. அந்தக் கம்பிகள் இன்னும் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றில் கொடி கட்டித்தான் அவள் பிள்ளைகளின் பாடசாலைச் சட்டைகளைக் காயப்போடுகிறாள்.